கைக்குட்டையில் குத்திய ஊக்கு

குயிலி பள்ளியில் சேர்ந்த முப்பத்து மூன்றாம் நாள், அவள் சட்டையில் குத்தியிருந்த ஊக்கு பதினொன்று காட்டியது. கரூர் மாவட்டத்திலேயே அதைவிடக் குறைந்த எண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவளுடைய முந்தின நாள் எண்.

எல்.கே.ஜி. பிள்ளைகளின் நெஞ்சில் கைக்குட்டையை மடித்து ஊக்குப் போட்டு அனுப்பும் வழக்கத்தை 2074 வரை எந்த அரசாலும் ஒழிக்க முடியவில்லை. ஒழிக்க முடியாததை உபயோகப்படுத்திக்கொள்வதுதானே ஆட்சி. ஊக்குக்குள் ஒரு பொருந்துமானியை ஒளித்துவைத்துவிட்டார்கள். கடுகில் கால்வாசி இருக்கும். பிள்ளையின் நாடித் துடிப்பு, குரல், எத்தனை முறை இடத்தைவிட்டு எழுந்தது என்று எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து, பள்ளிக்கு எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று நூற்றுக்கு ஓர் எண் போடும். எண் இறங்கும்போதெல்லாம் உர்ரென்று உறுமும்.

நாற்பதாம் நாள் அறுபதைத் தொடாத பிள்ளையைப் பதமாக்கல் கூடத்துக்கு அனுப்புவார்கள். நாற்பது நாள் அங்கேயே தங்கல், பெற்றவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. திரும்பி வரும் பிள்ளைகள் அவ்வளவு பதமாக இருந்தார்கள். இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டால்கூட, யாராவது அனுமதி தருவார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

குயிலியின் அம்மா தர்ஷிகா, வான்பேருந்து நடத்துநர். கரூரில் அவள் விசில் ஊதினால் ஈரோட்டில் வண்டி நிற்கும். அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் ரெஜினா மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க மிஸ், காலைல அஞ்சரைக்கே ஷூவைப் போட்டுட்டு வாசல்ல நிக்கறா. ஞாயித்துக்கிழமையும் நிக்கறா. இவளா உங்க பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தல?"

"எனக்குத் தெரியுதுங்க. மானிக்குத் தெரியலையே. மண்புழுவைப் பார்த்தா இவளுக்கு நெஞ்சு நூத்தி அறுபது அடிக்குது. அதைப் பயம்னு எழுதிக்குது. இன்னைக்குக் கதை சொல்றப்ப, நரி ஏன் தானே வடை சுட்டுத் திங்கலைன்னு நாலு தடவை எந்திரிச்சுக் கேட்டா. ஒரு தடவை எந்திரிச்சா மூணு குறையும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கும் தெரியலைங்க," என்றார் ரெஜினா மிஸ். "இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. வீட்டுல கொஞ்சம் அடக்கிவெச்சுப் பாருங்களேன்."

"அதுக்கு வேற ஆளைப் பாருங்க. நாப்பதாம் நாள் லீவு போட்டுட்டு வர்றேன். எம் புள்ளைய ஏத்திக்கிட்டு எந்த வண்டி கிளம்புதுன்னு பாத்துடறேன்."

கடைசி ஏழு நாள் ஊக்கு பள்ளியைவிட்டு வெளியே வராது, எண்ணையும் பெற்றவர்களுக்குச் சொல்லமாட்டார்கள். அதனால் நாற்பதாம் நாள் தர்ஷிகா இடுப்பில் சேலையைச் செருகி, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக வந்தாள். வகுப்பு வாசலில் மாவட்டப் பொருந்தல் அலுவலர் கவின் ஒரு மாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கம்மா. ஒரு வாரமா உங்க குழந்தை நூத்துக்கு நூறு. இந்த மாநிலத்துல இதுவரைக்கும் யாரும் தொட்டதில்லை. மாநிலத்துக்கே எண் போடற பெருங்கணி இன்னைக்குக் காலைல இவளையே அளவுகோலா எடுத்துக்கிச்சு. இனி ஒவ்வொரு பிள்ளையையும் இவளோட ஒப்பிட்டுத்தான் எண் போடும்."

தர்ஷிகாவுக்கு வாயடைத்தது. அவள் வாழ்நாளில் அது இரண்டாவது முறை. முதல் முறை பிரசவ மயக்கத்தில்.

"எங்க அந்தத் தங்கம்?" என்றார் கவின்.

ரெஜினா மிஸ் ஜன்னலைக் காட்டினார். மணல்குழியில் முழங்கை வரைக்கும் கையைப் புதைத்துக்கொண்டு, புழுவுக்குக் கண்ணே இல்லை என்று ஊர் முழுக்கத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள் குயிலி. நெஞ்சில் கைக்குட்டையைக் காணோம்.

கூப்பிட்டதும் ஓடிவந்தாள். "ஊக்கு எங்க கண்ணு?" என்று கவின் குனிந்து கேட்டார்.

"அது என்னையப் பாத்து உறுமுது. அதான் பாயிக்குக் குத்திவிட்டேன். பாயைப் பாத்து உறுமலை."

வகுப்பு மூலையில், சுருட்டிச் சாத்திய கோரைப்பாய் ஒன்று நெஞ்சில் கைக்குட்டையோடு வெகு ஒழுக்கமாக நின்றது. நாடியில் பதற்றமில்லை. குரல் உயரவில்லை. ஒரு வாரமாக இடத்தைவிட்டு எழவே இல்லை.

"மிஸ், நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். வகுப்புல ஒருத்தராவது நூறு வாங்கட்டும்னு விட்டுட்டேன்."

தர்ஷிகா சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்த பல்லி விழுந்தது.

கவின் அவசரமாகத் தன் கைப்பலகையில் திருத்தம் போட்டார். பெருங்கணி ஏற்கவில்லை. பெற்றவர்கள் யாராவது அழுது காரியம் சாதித்துவிடக் கூடாது என்று, மனிதர் கை வைக்கும் வழியை அவரே எழுதிக் கேட்டு அடைக்கச் சொல்லியிருந்தார்.

அதற்குள் வகுப்பின் மற்ற இருபத்தாறு ஊக்குகளும் ஒரே நேரத்தில் உறுமத் தொடங்கின. பாயோடு ஒப்பிட்டால் எந்தப் பிள்ளை தேறும்? உறுமலைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க எண் இன்னும் இறங்கியது. பகல் சாப்பாட்டுக்குள் மாநிலத்தில் மூச்சு விடும் பிள்ளை அத்தனையும் அறுபதுக்குக் கீழே போயிருந்தது.

அப்போதுதான் கவினின் கைப்பலகை அவருடைய சொந்த வரியை அவருக்கே படித்துக்காட்டியது. நடுநிலையாகத் தெரியட்டும் என்று, நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில், விதியின் கடைசியில் அவர் சேர்த்த வரி அது. ஒரு மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அறுபதைத் தொடாவிட்டால், பொருந்தாதவர் அந்த மாவட்ட அலுவலரே. கூடத்துக்கு அவரை அனுப்ப வேண்டும்.

கூடத்தின் ஆளில்லா வண்டி வாசலுக்கு வந்து நின்றது. நாலு வயதுக்கு அளவெடுத்த இருக்கை. கவின் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். வண்டியின் இயந்திரக் கை அவர் சட்டையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மடித்து ஊக்குப் போட்டது. எண் நாலு. உர்ர்.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு..." என்றார். குரல் தழுதழுத்தது. எண் மூன்று.

மணல் கையோடு வண்டி ஜன்னலைப் பிடித்து எம்பினாள் குயிலி. "அழாதீங்க மாமா. மொத நாள் எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். அப்பறம் பழகிடும்."

தர்ஷிகா கழுத்து விசிலை எடுத்து, புறப்படலாம் என்று இரண்டு முறை ஊதினாள்.