யாரும் ஓட்டாத கார்

அக்கா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"போதும் வாலு. கேமை நிறுத்திடு."

கணினித் திரையில் அவளுடைய நீலக் கார் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. மற்ற கார்கள் அதைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தன.

வாலு என்பது தங்கை. வயது பத்து. அந்தப் பெயரை வைத்ததே அக்காதான். கிளறாத பொருள் இல்லை, கேட்காத கேள்வி இல்லை; வேறு என்ன பெயர்தான் வைப்பது?

அக்கா போன வருடம்வரை நிஜமான பந்தயக் கார் ஓட்டியவள். ஒரு மழைநாளில் பைக் சறுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. அதற்குப் பிறகு இரண்டு கால்களும் அசையவில்லை. இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கணினியில் பந்தயம் ஓட்டுகிறாள். சும்மா பொம்மை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்! டயர் தேய்ந்தால் கார் வழுக்கும். பெட்ரோல் குறையக் குறைய கார் லேசாகும். எல்லாவற்றையும் நிஜம்போலவே கணக்குப் போட்டுக் காட்டும் விளையாட்டு அது. காலால் மிதிக்க வேண்டிய பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையால் இழுக்கும்படி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அப்பா இரண்டு பிடிகளைப் பொருத்திக் கொடுத்திருந்தார்.

இன்று மாலை அதே விளையாட்டில் ஒரு தேர்வுப் பந்தயம். கையாலேயே ஓட்டக்கூடிய நிஜக் காரை வைத்திருக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி அதை நடத்துகிறது. அதில் ஓட்டுகிறவர்களில் ஒரே ஒருவரை, வந்த இடத்தை மட்டும் பார்க்காமல் ஓட்டும் விதத்தையும் பார்த்து, அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

தனியாக ஓட்டினால் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் திரையில் முழுக் கூட்டமும் வந்துவிட்டால், முதல் வளைவிலேயே சுவர். நேற்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

"கூட்டத்தைப் பார்த்தா என் கை உறைஞ்சு போயிடுது," என்றாள் அக்கா. குரல் கம்மியது. "விழுந்ததிலிருந்தே பயம் உள்ளே உட்கார்ந்துடுச்சு. கால்தான் போச்சுன்னு நினைச்சேன். கையும் போயிடுச்சு."

வாலு நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்றாள். அக்கா அழுது அவள் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில்கூட அக்கா அழவில்லை.

"உன் கை இல்லைக்கா. அந்த வளைவில கேமுக்கு விக்கல் வருது. படம் ஒரு தடவை 'விக்'னு நின்னு தாவுது. நான் பார்த்தேன்."

"ஆறுதல் சொல்லாதே."

"நான் ஏன் ஆறுதல் சொல்றேன்? நிஜமாத்தான் சொல்றேன்!"

 அக்கா அலைபேசியை எடுத்து, பயிற்சிப் பள்ளிக்கு 'நான் கலந்துகொள்ளவில்லை' என்று தட்டத் தொடங்கினாள்.

கீழே அவர்களுடைய சலவைக் கடை. "இஸ்திரி காயுது, யாராவது வாங்களேன்!" என்று அப்பா கத்துவது கேட்டது. யாரும் போகவில்லை.

வாலு பரபரவென்று யோசித்தாள். வாயால் சொன்னால் அக்கா நம்பப்போவதில்லை. வேறு எப்படிக் காட்டுவது?

"அக்கா, கார் தானாவே ஓடுற மாதிரி வைக்கலாம் இல்ல?"

"வைக்கலாம். கம்ப்யூட்டரே ஓட்டும். எதுக்கு?"

"வை. அதே கூட்டம், அதே வளைவு. உன் கையை மட்டும் மடியில வச்சுக்கோ. அப்புறம் அந்த மெசேஜை அனுப்பிக்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அக்கா பெருமூச்சு விட்டாள். வாலு பிடித்தால் விடமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். சொன்னபடி செய்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. நீலக் கார் தானே கிளம்பியது. ஸ்டீயரிங் பேய் பிடித்ததுபோலத் தனியாகத் திரும்பியது. கார்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு முதல் வளைவுக்குள் நுழைந்தன.

விக்!

எல்லாக் கார்களும் ஒன்றாக நின்றன. ஒன்றாக முன்னே தாவின. இமைக்கும் நேரம்தான். ஓட்டும்போது வளைவை மட்டுமே பார்க்கும் அக்காவின் கண், இப்போது சும்மா இருந்ததால் அதைப் பார்த்துவிட்டது.

"இன்னொரு தடவை வை," என்றாள்.

மறுபடியும் அதே இடத்தில் அதே விக்கல். அக்கா மடியில் இருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

"யாருமே ஓட்டலை," என்றாள் மெதுவாக.

"அதைத்தானே நானும் கத்திக்கிட்டு இருக்கேன்!"

"ஆனா ஏன்? இது நல்ல கம்ப்யூட்டர். உள்ளே எட்டு கோர் இருக்கு."

"கோர்னா?"

"கணக்குப் போடுற மூளைன்னு வச்சுக்கோ. புராசஸர் ஒண்ணுதான், ஆனா அதுக்குள்ள எட்டு மூளை. ஒரே நேரத்தில எட்டு வேலை செய்யலாம்."

"அதுங்க வேலை செய்யுதான்னு பார்க்க முடியுமா?"

பார்க்க முடியும். விளையாட்டை ஓடவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு சன்னலை அக்கா திறந்தாள். அதில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. கார்கள் முதல் வளைவை நெருங்கியபோது ஒரு கட்டத்தில் மட்டும் கோடு உச்சியில் போய் முட்டி நின்றது. மற்ற ஏழிலும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஐயையோ," என்றாள் வாலு. "நம்ம கடையில எட்டு மெஷினை வச்சுக்கிட்டு, ஊர்த் துணியை எல்லாம் ஒரே மெஷின்ல அமுக்கின மாதிரி இருக்கே! மத்ததெல்லாம் தூங்குது."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான்டி அமுக்கினேன்!"

நடந்தது இதுதான். விளையாட்டை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, அதற்கென்று தனியாக ஒரு கோர் இருக்கட்டும் என்று அக்கா பாசமாக நினைத்திருக்கிறாள். அதற்கான சின்ன மென்பொருளில் ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட்டிருக்கிறாள். 'இதில் மட்டும்தான் ஓட வேண்டும்' என்று விளையாட்டைப் பூட்டியதாகிவிட்டது. தனியாக ஓடியபோது ஒரு கோர் சமாளித்தது. கூட்டம் சேர்ந்ததும், இத்தனை கார்களின் டயர், இத்தனை இன்ஜின்களின் சத்தம், படம் வரையும் வேலை என்று எல்லாம் அந்த ஒன்றின் தலையில் விழுந்தது. பாவம், அது திணறியது.

"அப்போ எல்லா வேலையையும் எட்டாப் பிரிச்சுக் கொடுத்துடலாமா?" என்று கேட்டாள் வாலு.

"எல்லாத்தையும் பிரிக்க முடியாது. நான் ஸ்டீயரிங்கைத் திருப்பினாத்தான் டயர் திரும்பும். டயர் திரும்பினாத்தான் கார் எங்கே போகும்னு தெரியும். ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது."

"துவைக்காம காயப்போட முடியாது, காயாம இஸ்திரி போட முடியாது. அந்த மாதிரிதானே?"

"அதேதான். ஆனா இங்கே ஒருத்தர் இஸ்திரி போடும்போது அங்கே இன்னொருத்தர் துவைக்கலாம் இல்ல? சத்தத்தை ஒரு கோர் பார்த்துக்கும். படத்தை இன்னொண்ணு. மத்த காரை எல்லாம் மிச்சம் இருக்கிறது பார்த்துக்கும். கேமுக்கே பிரிச்சுக்கத் தெரியும். நான்தான் கதவைச் சாத்திட்டேன்."

அக்கா எட்டுக் கட்டங்களிலும் டிக் போட்டாள். நீலக் காரை மறுபடியும் தானாக ஓடவிட்டார்கள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். முதல் வளைவு வந்தது, போனது. விக்கலும் இல்லை, தாவலும் இல்லை. பக்கத்துச் சன்னலில் எட்டுக் கோடுகளும் எழுந்து அசைந்துகொண்டிருந்தன.

அக்கா அலைபேசியை எடுத்தாள். அனுப்பாமல் வைத்திருந்த செய்தியை அழித்தாள்.

மாலையில் பந்தயம் தொடங்கியபோது வாலு அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பேசக் கூடாது என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அது எவ்வளவு பெரிய தியாகம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் வளைவை நீலக் கார் லாவகமாகக் கடந்தது. ஒவ்வொரு காராகப் பின்னால் தள்ளி, இரண்டாம் இடத்துக்கு வந்தது. கடைசிச் சுற்றில் முதல் காரை எட்டிப்பிடிக்கும் அவசரத்தில், அக்கா பிரேக்கைத் தாமதமாக இழுத்தாள். கார் புல்தரைக்குள் பாய்ந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் மூன்று பேர் முந்திவிட்டார்கள். ஐந்தாம் இடம்.

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மறுபடியும் விக்கலாக்கா?"

"இல்லை," என்றாள் அக்கா. அவள் முகம் வியர்த்து, சிவந்து, பளபளவென்று இருந்தது. "லேட்டா பிடிச்சேன். நான் பண்ணின தப்புடி! நானே பண்ணினது!"

தப்புச் செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை வாலு அதுவரை பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் அலைபேசி ஒலித்தது. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியை பேசினார்.

"கடைசிச் சுற்றில் என்னம்மா ஆச்சு?"

"அவசரப்பட்டுட்டேன் மேடம். பிரேக் லேட். தப்பு என்னோடதுதான்."

மறுமுனையில் ஆசிரியை சிரித்தார். "இதுவரை நான் தப்பைப் பத்திக் கேட்டவங்க எல்லாரும் கம்ப்யூட்டர் மேலேயே பழியைப் போட்டாங்க. அவசரத்தை நான் சரி பண்ணிடுவேன். அடுத்த வாரம் வந்துடு. கார் தயாரா இருக்கும்."

கூடை நிறைய ஈரத்துணியோடு அம்மா அறைவாசலில் வந்து நின்றார். "என்னடி, ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?"

"கார் ஓட்டப் போறேன்மா," என்றாள் அக்கா. "நிஜக் கார்."

அம்மா கூடையைக் கீழே வைத்தார். பிறகு அந்த ஈரத்துணியின் மேலேயே உட்கார்ந்து அழுதார். வாலு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கீழே யாரோ கடை மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஒரு நிமிஷம் பொறுங்க!" என்று மாடியிலிருந்து வாலு கத்தினாள். "இங்கே நாங்க முக்கியமான வேலையா இருக்கோம்!"