கதவு திறந்திருக்கும் நேரம்

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. தராசு முதலில் செய்த காரியம், கண்ணில் பட்ட பட்டன்களை எல்லாம் ஒன்றுவிடாமல் அமுக்கியதுதான். அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அது... தராசு. பெயர்தான் அப்படி. அந்த நேரத்தில் அவளிடம் நிதானம் மருந்துக்குக்கூட இல்லை.

“பட்டனைத் தொடாதீங்க மேடம்.” கதவுக்கு வெளியே மேலிருந்து ஒரு குரல் வந்தது. “எல்லாத்தையும் ஒரே நேரத்துல அமுக்கினா அது யார் பேச்சைத்தான் கேக்கும், பாவம்.”

பாவமாம்! மாட்டிக்கொண்டு முழிப்பவள் நான், பாவம் லிஃப்டா? அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே ஒருத்தி மூச்சு முட்டி நிற்கும்போது கிண்டல் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினாள். வெளியே இருந்தவன் எதையோ முடுக்கினான். லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி, மெல்ல மேலே ஏறியது. கதவு ஒரு சாண் விலகியது. அந்த ஒரு சாணில் அவள் முதலில் பார்த்தது இரண்டு கண்கள்... தூக்கம் குறைந்த, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கண்கள். திட்டுவதற்கு மிச்சம் வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கீழே இறங்கி வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கருவிப் பையை மூடிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்ட அந்த லிஃப்ட் மெக்கானிக்கும் மழை விடக் காத்திருந்தான். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனத்திலா வேலை, என்ன வேலை என்று கேட்டான்.

“படம் வரையறேன்” என்றாள் சட்டென்று.

பச்சைப் பொய். அவள் பூனை வரைந்தால் பக்கத்தில் பூனை என்று எழுதி வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு வேடம் கட்டிச் சண்டைக்குப் போகும் விளையாட்டு அது. வீரன், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர்... எந்த வேடத்துக்கும் பலம் எக்கச்சக்கமாக ஏறிவிடாமல், இறங்கிவிடாமல் சமன் பார்ப்பதுதான் அவள் வேலை. யார் பலத்தில் கைவைத்தாலும் சாபம் கிடைக்கும். அதனால் சமன் பார்ப்பவர்கள் தங்கள் வேலையை வெளியில் சொல்லவே கூடாது என்பது நிறுவனத்தின் விதி.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றான் அவன். “போன மாசம் வைத்தியரோட கையை ஒடிச்ச மகராசன் யாருங்க? அடிக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும்.”

என்ன கேள்வி என்று கேட்டாள். அதை அந்த ஆளிடம்தான் கேட்பேன் என்றுவிட்டான்.

அந்த மகராசன் இவள்தானே! கூட்டாளி கீழே விழுந்தால் இரண்டு விநாடிக்குள் வைத்தியர் பட்டனை அமுக்க வேண்டும், விழுந்தவர் எழுந்துவிடுவார். இதனால் கெட்டிக்காரக் குழுக்களில் யாருமே சாவதில்லை, சண்டையில் பயமே இல்லாமல் போயிற்று. இவள் இரண்டை ஒன்றாக்கினாள். அலுவலகத்துப் பத்து இளவட்டங்களை விட்டுச் சோதித்தாள். பத்து பேரும் அரை விநாடியில் அமுக்கினார்கள். பிரமாதம் என்று அன்றைக்கே அனுப்பியும் விட்டாள்.

மழை விடவில்லை, அவனும் விடவில்லை. சொல்லிக்கொண்டே போனான். அவனை வளர்த்தது அவன் அக்கா. தையல் வேலை பார்த்தவள். மூட்டு நோய் வந்து விரல்கள் மடங்கிப் போக, தையல் போயிற்று, வெளியே போவதும் குறைந்தது. நான்கு வருடமாக அவளுக்கு எல்லாமே அந்த வைத்தியர் வேடம்தான். விளையாட்டில் அவள் பெயர் பஞ்சு. பஞ்சக்கா இல்லாமல் அவள் குழுவின் எட்டுப் பேரும் சண்டைக்குக் கிளம்ப மாட்டார்கள். போன மாதம் முதல் ஒவ்வொருவராக அவள் கண் முன்னாலேயே விழுந்து செத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே விலகிவிட்டாள்.

விளையாட்டுதான் மாறிவிட்டது என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியும் அவள் நம்பவில்லை. தேற்றுவதற்குச் சொல்கிறான் என்று நினைக்கிறாள். இருந்த கொஞ்ச நஞ்ச விரலும் போய்விட்டது என்று முடிவுகட்டி, விரல் பயிற்சிக்கு டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைக்கூட அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டாளாம்.

தராசு அன்று மதியம் சாப்பிடவில்லை.

லிஃப்ட் வேலை இரண்டு வாரம் இழுத்தது. தினமும் ஒரு மணிக்கு அவன் டீயோடு வாசல் பெஞ்சுக்கு வருவான், அவளும் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு இறங்கி வருவாள். அவன் அவளைக் கிண்டல் பண்ணுவான், அவள் திருப்பிக் கொடுப்பாள். அவன் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு... தெரிந்தால் இந்தக் கண்கள் என்னை எப்படிப் பார்க்கும்? நகம் கடிக்கும் பழக்கம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தோடு போயிருந்தது. இப்போது பத்து விரலிலும் நகமில்லை. ஒருநாள் ஏதாவது வரைந்து காட்டச் சொன்னான். கை வலிக்கிறது என்றாள். அடுத்த நாள் தைலம் வாங்கி வந்து நீட்டினான், படுபாவி. அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கழிவறையில் போய் அழுதாள்.

இன்னொரு நாள் அவன் லிஃப்ட் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

“கதவு எத்தனை விநாடி திறந்திருக்கணும்னு பாக்கறேன். ஓடி வர்றவனை வச்சு இதை வைக்க மாட்டோம். கைத்தடியோட மெதுவா நடந்து வர்றவங்களை வச்சுதான் வைப்போம்.”

“அப்ப லிஃப்ட் லேட்டாகாதா?”

“ஆகும். அந்த நேரத்தை வேற இடத்துல மிச்சம் பிடிக்கணும். ஏற வர்றவங்க தலையிலயா பிடிக்கிறது?”

அவள் டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். பஞ்சு என்ற பெயரைப் போட்டு நான்கு வருடப் பதிவுகளைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த விரல் எத்தனை விநாடியில் பட்டனைத் தொட்டது என்பது வரிசையாக இருந்தது. பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது. இரண்டு விநாடியைத் திரும்பக் கொடுத்தாள். அதற்குப் பதிலாக, ஒருமுறை எழுப்பிவிட்டால் அடுத்த முறைக்கு முன்பைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும் என்று வைத்தாள். இந்த முறை சோதிக்க இளவட்டங்களைக் கூப்பிடவில்லை, வயதானவர்களையும் கை முடியாதவர்களையும் தேடிப் பிடித்தாள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தப்பு என்னுடையதுதான் என்று சொன்னாள். ஒத்துக்கொண்டார்கள். புதன்கிழமை மாற்றம் வெளியாயிற்று.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். இனி வெளியில் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம்... அவனையும் இழக்க வேண்டாம்...

வியாழக்கிழமை அவன் முகம் தொங்கிப்போய் வந்தான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டதாம், ஆனால் அக்கா கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லையாம். “கை போனவளுக்கு எதுக்குடா விளையாட்டு”ங்கிறாளாம். நாளையோடு இங்கே வேலையும் முடிகிறது என்று சேர்த்துக்கொண்டான்.

தராசுக்கு அப்போதுதான் உறைத்தது. நம்பரை மாற்றியாயிற்று. ஆனால் அந்த அக்கா நம்பியிருப்பதை மாற்ற ஒரே ஒருத்தியால்தான் முடியும். சொன்னால் வேலைக்கே உலை. அதைவிட... அவன். அன்றைய இரவெல்லாம் மனம் கிடந்து அல்லாடியது. வெள்ளிக்கிழமை அவன் கிளம்பும்போது வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை காலை, இரண்டு தாள்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி ஐந்தாம் மாடியில் அவர்கள் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த அவன் கண்களில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஞ்சக்கா நாற்காலியில் இருந்தாள், கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்தபடி. தராசு அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் படம் வரையறவ இல்ல. அந்த ரெண்டு விநாடியை ஒண்ணாக்கினது நான்தான்.”

பின்னால் நின்றவன் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாள்களை விரித்தாள்.

“இது நாலு வருஷத்துக்கு முன்னாடி. ஒன்றரை விநாடியில அமுக்கியிருக்கீங்க. இது போன மாசம், எல்லாரும் விழுந்த அன்னைக்கு. பாருங்க... அதே ஒன்றரை விநாடி. உங்க கை எங்கேயும் போகலக்கா. அது அப்படியேதான் இருக்கு. நான்தான் கதவைச் சீக்கிரம் மூடிட்டேன்.”

பஞ்சக்கா தாளை வாங்கவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மடங்கிய விரல் ஒன்று துப்பட்டாவிலிருந்து மெல்ல வெளியே வந்து, ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனது. கடைசி வரியில் நின்றது.

“டேய்... அந்தப் பந்து எங்கடா?” என்றாள் கரகரத்த குரலில்.

அவன் அலமாரி மேலிருந்து எடுத்துக் கொடுத்தான். தராசுவைப் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். லிஃப்ட் வருவதற்குள் யுகமாயிற்று. உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். கதவு மூட ஆரம்பித்தது... நின்றது. மறுபடி திறந்தது. வெளியே பட்டனில் விரலை வைத்தபடி அவன் நின்றான்.

“என் கேள்விக்குப் பதில் சொல்லாமப் போறீங்களே” என்றான். முகத்தில் சிரிப்பில்லை. “யாரை மனசுல வச்சு ஒரு விநாடின்னு முடிவு பண்ணீங்க?”

“யாரையும் வைக்கல.” அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “அதுதான் என் தப்பு. இப்ப எந்த நம்பரைத் தொட்டாலும் உங்க அக்கா விரல்தான் முன்னாடி வருது. மத்த நேரமெல்லாம்... நீங்க வர்றீங்க. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பொய் சொன்னப்ப பயமே இல்ல. இதைச் சொல்லத்தான் உயிரே போகுது.”

ஒரு விநாடி... இரண்டு... மூன்று... அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். கதவு மூட முயன்றது, அவன் மறுபடி அமுக்கினான்.

“கோபம் இருக்கு” என்றான் கடைசியில். “நிறையவே இருக்கு. படம் வரையற பொண்ணைத்தான் எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணை இனிமேதான் பழகணும்.”

“எவ்வளவு நாளாகும்?”

“தெரியல. நான் கொஞ்சம் மெதுவா வர்ற ஆளு.” இப்போது அந்தக் கண்களில், முதல் நாள் ஒரு சாண் இடைவெளியில் பார்த்த சிரிப்பு எட்டிப் பார்த்தது. “ஆனா வந்துடுவேன். என்னாலயும் உங்களை விட முடியாது போலிருக்கு.”

அவள் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து பஞ்சக்காவின் குரல் வந்தது. குழுவின் எட்டுப் பேரும் விளையாட்டுக்கு வந்து காத்திருப்பதாகப் போன் வந்ததாம், நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பேசுவீர்கள், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு சீக்கிரம் வந்து கம்ப்யூட்டரைப் போடு என்று அதட்டினாள்.

அவன் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை, அவள் வெளியே வரும்வரை.