மடுவுக்கு ஒரு தூண்டில்

ஆள் இரண்டு பேர், தூண்டில் மூன்று. ஆற்றங்கரைச் சேற்றில் செருகியிருந்த மூங்கில் கம்புகளைச் சாம்பசிவன் மறுபடியும் பார்த்தார். மூன்றுதான்.

"எதுக்குய்யா மூணாவது?" என்றார்.

மீன் பிடித்துக் காட்ட வந்திருந்த உள்ளூர்க்காரன் சவுரிமுத்து மண்புழு டப்பாவை மூடினான். "அது நம்மளுது இல்ல சார், மடுவோடது. எத்தினி பேரு வராங்களோ அதுக்கு மேல ஒண்ணு போட்டு வெப்போம். அதுல இன்னா மாட்டினாலும் தூக்கக் கூடாது. தூண்டி நரம்ப அறுத்து வுட்டுடணும். எங்க நைனா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

சாம்பசிவனுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், மற்ற நாளெல்லாம் குட்டைத் தண்ணீருக்குப் படையல் போடுகிறான். மூளை முழங்காலில் இருக்கிற ஜென்மம். இவனை நம்பி இந்த வெயிலில் வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

வேறு வழியில்லை. மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் பர்ச்சேஸ் மேனேஜர். அடுத்த வாரம் இங்கிலாந்திலிருந்து டைரக்டர் வருகிறார். அந்த மனுஷருக்கு மீன் பைத்தியம். அவர் ஊரில் கோடை முடிகிற சமயம், வழிகாட்டி ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி சால்மனும் ட்ரவுட்டும் பிடிப்பாராம். போன தடவை விருந்தில் அந்தப் பெருமை ஓடிக்கொண்டிருந்தபோது, "எங்க ஊர்லயும் ஆறு இருக்கு சார், நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சாம்பசிவன் வாயை விட்டுவிட்டார். டைரக்டர் அதை மறக்கவில்லை. துரை மனசு குளிர்ந்தால் டெபுடி ஜெனரல் மேனேஜர் நாற்காலி சாம்பசிவனுக்கு. குளிராவிட்டால் ஸ்ரீநிவாசனுக்கு. நேற்று வேலைக்குச் சேர்ந்த, மூக்கால் இங்கிலீஷ் பேசுகிற ஸ்ரீநிவாசனுக்கு! அவனைப் பார்த்து எழுந்து நிற்பதை நினைத்தாலே சாம்பசிவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்காகத்தான் இந்தச் சனிக்கிழமை ஒத்திகை. கத்திரி வெயில் முடிகிற நாட்களில், முடிச்சூர்ப் பக்கம் அடையாறு ஓடுவதை நிறுத்திவிட்டு அங்கங்கே ஆழமான மடுவாகத் தேங்கிவிடும், மீனெல்லாம் அதில் ஒதுங்கும் என்று சவுரிமுத்து சொல்லியிருந்தான். சாம்பசிவன் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் திட்டம் எழுதினார். மடக்கு நாற்காலி, பெரிய குடை, ஐஸ்பெட்டி, துரைக்கு சாண்ட்விச், சவுரிமுத்துவுக்குக் கிழியாத சட்டை. மூன்றாவது தூண்டில் கூடாது என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

உச்சி நேரம் ஆகிவிட்டது. அதுவரை அகப்பட்டது விரல் நீளத்தில் நாலு கெண்டையும், மீசை முளைத்த ஒரு கெளுத்தியும். சால்மன் பிடித்த கைக்கு இதையா கொடுப்பது? துரை சிரிக்க மாட்டார். கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறுவார். அது இன்னும் கேவலம்.

பெருங்களத்தூர்ப் பக்கம் போன ரயிலின் ஊதல் தேய்ந்து ஓய்ந்ததும், அதுவரை நாணலுக்குள் இரைந்துகொண்டிருந்த பூச்சிகள், எதிர்க்கரைப் பனையில் சண்டை போட்ட காக்காய்கள், தூரத்து வயலில் ஓடிய பம்புசெட் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, காதில் பஞ்சு அடைத்தாற்போல் ஆகி, வெந்துகொண்டிருந்த சேற்று நாற்றத்துக்கு நடுவே, யாரோ இப்போதுதான் தலைவாரிக்கொண்டது போலத் தேங்காய் எண்ணெய் வாசனை தண்ணீர்ப் பக்கமிருந்து மெல்ல ஏறி வந்தது. சாம்பசிவன் சவுரிமுத்துவின் தலையைப் பார்த்தார். எண்ணெயே காணாத செம்பட்டைத் தலை.

மூன்றாவது தூண்டிலின் தக்கை தண்ணீருக்குள் போனது. மீன் கொத்துகிற வெடுக்கு அதில் இல்லை. யாரோ கீழேயிருந்து பிடித்து நிதானமாக இறக்கியது போலிருந்தது.

சவுரிமுத்து இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். "தள்ளிக்கோங்க சார்."

"கம்பு வளையுறதைப் பாருய்யா. பத்து கிலோ தேறும். இதைப் போய் அறுக்கிறியா?"

"அது மீன் இல்ல சார். சொன்னா கேளுங்க."

சாம்பசிவனுக்கு மனசுக்குள் திட்டம் ஓடிவிட்டது. இதைத் தண்ணீரிலேயே ஒரு வாரம் உயிரோடு கட்டிவைத்து, அன்றைக்குத் துரையின் தூண்டிலில் மாட்டிவிட்டால் போதும். பதவி நாற்காலி சாம்பசிவனுக்குத்தான். சவுரிமுத்துவின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி மடுவின் நடுவில் எறிந்தார். மூங்கில் முறிகிற மாதிரி கிரீச்சிட்டது. கம்பை நம்பாமல் நைலான் நரம்பையே பிடித்து, வலது உள்ளங்கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மீன் பிடிக்கத் தெரிந்தவன் எவனும் செய்யாத வேலை.

இழுத்தார். வந்தது. சிரித்துக்கூட விட்டார்.

துள்ளல் இல்லை. கொஞ்சம் தளரும், நிற்கும். மறுபடி தளரும், நிற்கும். நரம்பு வழியாக அது உள்ளங்கைக்குத் தெரிந்தது. என்ன மீன் இப்படி வரும் என்று யோசித்தார். அப்புறம் புரிந்துவிட்டது.

நடை. கீழே சேற்றில் காலை ஊன்றி யாரோ நடந்து வருகிறார்கள்.

கையை உதறினார். நரம்பு சதைக்குள் இறங்கியிருந்தது.

"கத்தி" என்றார்.

சவுரிமுத்து ஓடவில்லை. முட்டிபோட்டு நரம்பைப் பல்லால் கடித்தான். உதடு கிழிந்தது. நரம்பு அறவில்லை. கடித்தபடியே நிமிர்ந்து மடுவைப் பார்த்தான். வாயைத் திறந்து நரம்பை விட்டான்.

"மன்னிச்சுடுங்க சார்" என்று முணுமுணுத்து, உட்கார்ந்த வாக்கிலேயே பின்னால் நகர்ந்தான்.

தலை. படிய வாரிய தலை. நேர் வகிடு. நெற்றி. தோள்.

அதன் பின்னால் இன்னொரு தலை. இன்னொன்று. மடுவின் நடுவரைக்கும், வரிசையாக.

எல்லோருடைய வலது உள்ளங்கையிலும் நரம்பு சுற்றியிருந்தது. ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு அது போனது. சவுரிமுத்துவை எவரும் பார்க்கவில்லை.

முன்னால் நின்றவன் இழுக்கவில்லை. இடது கையால் நரம்பை எடுத்துத் தன் உள்ளங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை.

ஒரு சுற்று. சாம்பசிவனின் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது.

இன்னொரு சுற்று. முழங்கால்.

இன்னொரு சுற்று.