ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது

வண்டி வழுக்கவில்லை. அன்றைக்குத் தேவநேசனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வழுக்கியிருக்க வேண்டும். பெனிஷின் பழைய காரில் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குத்தான் போகும்; பனி விழுந்துவிட்டால் அதன் பின்பக்கம் சோப்பு நுரையில் கால் வைத்தவனைப் போல அலையும். அதற்காகவே குளிர்காலம் பிறந்ததும், ஐசலின் ஊர் இந்தியக் கடையில் வாங்கிய அரிசி மூட்டைகள் நான்கை டிக்கியில் பாரத்துக்குப் போட்டு அவன் ஓட்டுவான். இந்த வாரம் சபையின் அன்பின் விருந்துக்காக நான்கு மூட்டையும் அடுப்பேறிவிட்டன. "டிக்கி காலி அங்கிள், பாத்து ஓட்டுங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தான். ஆனால் சரிவின் பாதியில், அந்த வளைவில், வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு தாழுமோ, அவ்வளவு. அதன்பின் சக்கரங்கள் பனிக்கட்டியைக் கவ்விக்கொண்டு, கோடைக்காலத்துச் சாலையில் போவதுபோல மேலே ஏறிவிட்டன.

பிரிட்ஜ்வாட்டர் நகரை ஒட்டிய அந்த ஆலயம் வெள்ளைக்காரர்களுடையது. காலையில் அவர்கள் ஆராதனை முடித்துப் போனபின், இரண்டு மணிக்குத் தமிழ்ச் சபை கூடும். ஜனவரியில் சபை கலைந்து, டீ குடித்து வெளியே வரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருக்கும். வண்டிகள் நிற்பது ஆலயத்தின் பின்னால், பள்ளத்தின் அடியில். சாலைக்கு ஏற ஒரே வழிதான்: ஒரு வண்டி அகலத்துக்கு, நடுவில் ஒரு வளைவோடு, செங்குத்தான சரிவு. அன்று காலையில் விழுந்த பனியின்மேல் மதியம் உறைமழை பெய்து, சரிவு முழுவதும் இறுகிப் பளபளத்தது. இப்படிப்பட்ட நாட்களில் சபையார் ஓரத்துப் படிக்கட்டில் உப்புத் தூவி மேலே நடந்துவிடுவார்கள். அவர்களுடைய வண்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டிவந்து தருவது தேவநேசன். வயது அறுபத்திரண்டு, இந்த ஊரில் இருபத்தெட்டுக் குளிர்காலம் பார்த்தவர். கடைசி வண்டி மேலே வரும்வரை யாரும் கிளம்ப மாட்டார்கள். விளக்குகளைப் போட்டுக்கொண்டு சாலையோரம் வரிசையாகக் காத்திருந்து ஒன்றாகத்தான் போவார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை. கர்த்தருக்குப் பிரியமான காரியங்கள் பலவும் யாரும் சட்டம் போடாமல் நடப்பவைதாம்.

அன்று வானிலைக்குப் பயந்து பலர் வரவில்லை. ஐந்தே வண்டிகள்.

"என்ன அங்கிள், மூட்டை இல்லாமலே சர்ருன்னு வந்துட்டீங்க?" என்றான் பெனிஷ்.

"கர்த்தரே மூட்டையா வந்து உக்காந்துட்டாருடா."

பெனிஷ் சிரித்தான். அவன் பிள்ளைகள் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். தேவநேசன் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது வளைவின் பக்கம் பார்க்காமல், கைப்பிடிக் கம்பியையே பார்த்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டாவது, புஷ்பவல்லி அக்காவின் சின்ன வண்டி. முன்சக்கர இழுவை, ஏறிவிடும், ஆனால் டயர் தேய்ந்தது. "நடுவுல நிறுத்திராதீங்க தேவநேசன்" என்று அக்கா படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"நான் சொல்லிக்குடுத்ததை எனக்கே சொல்றீங்களா அக்கா?"

உண்மைதான். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சக்கரம் பிடி இழக்கும், வண்டி பின்னால் சறுக்கும். எது வந்தாலும் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

வளைவு வந்தது. பின்பக்கம் தாழ்ந்தது. இந்த முறை ஒரு வாடையும் சேர்ந்து வந்தது: நனைந்த கம்பளியின் வாடை, அதற்கடியில், நெடுநாள் திறக்காத ஃப்ரீசரைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வெறும் குளிரின் வாடை. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியும் அவருடைய பிடரி மட்டும் சில்லிட்டது. அவர் திரும்பவில்லை. மேலே வந்து இறங்கியபோது பார்த்தார். எல்லாக் கண்ணாடியும் தெளிவாக இருக்க, பின்சீட்டின் வலப்பக்கக் கண்ணாடி மட்டும் உட்புறம் ஆவி படிந்திருந்தது. வாய் அருகே இருந்தால் எந்த இடத்தில் படியுமோ, அந்த இடத்தில்.

"என்ன, முகம் வெளுத்துப்போச்சு? டீ குடிச்சீங்களா இல்லையா?" என்றார் அக்கா.

"குடிச்சேன் அக்கா. நீங்க உள்ள உக்காருங்க." சொன்னபிறகுதான் எந்த வண்டிக்குள் உட்காரச் சொன்னோம் என்று நினைத்தார்.

மூன்றாவது, ஃபிரெடியின் எலக்ட்ரிக் கார். சத்தமே இல்லாத வண்டி. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. வளைவில் பின்பக்கம் தாழ்ந்ததும், எஞ்சின் இரைச்சல் எதுவும் மறைக்காத அந்த அமைதியில், ரப்பர் மிதியடியில் ஈரமான ஷூ உரசுவது கேட்டது. பிறகு பற்கள். குளிரில் தந்தியடிக்கும் பற்கள். ஒருவன் அதை அடக்கப் பார்க்கிறான், முடியவில்லை, மன்னிப்புக் கேட்பதுபோல நிறுத்துகிறான், மறுபடி தொடங்குகிறது. வண்டியை மேலே விட்டுச் சாவியைக் கொடுத்தபோது ஃபிரெடி ஏதோ சொன்னான். தேவநேசன் காதில் விழவில்லை.

அது யார் என்று அவருக்குத் தெரியும்.

போன ஜனவரி. இதே சரிவு. அன்று நான்கு வண்டிகள். முதல் வண்டியை ஏற்றும்போது அந்த வளைவில், மெல்லிய ஜாக்கெட் போட்ட ஒருவன் கை நீட்டி நின்றுகொண்டிருந்தான். சபை ஆள் இல்லை. சாலையிலிருந்து ஆலயத்தின் விளக்கைப் பார்த்து இறங்கி வந்தவனாக இருக்கலாம். இருபத்தைந்து வயதிருக்கும். ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது. அடுத்த வண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தேவநேசன் போய்விட்டார். இரண்டாவது வண்டியில் அவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், கையை நீட்டினான். அடுத்ததில் பார்க்கலாம். மூன்றாவதிலும் அப்படியே. படியிலிருந்து வளைவுக்குப் பத்து அடிதான் இருக்கும். நடந்து போய்க் கை கொடுத்திருக்கலாம். தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது, தோன்றியது. நான்காவது, பாஸ்டரின் ஃபோர் வீல் டிரைவ். அது எந்த ஏற்றத்திலும் நின்று கிளம்பும். அதிலும் அவர் நிறுத்தவில்லை. எல்லாரும் மேலே காத்திருந்தார்கள், நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பனி வாருகிறவர்கள் அவன் உறைந்த உடலைப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். பெயர் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் அந்த அறியாத மனிதனுக்காக ஜெபம் நடந்தது. ஜெபத்தை ஏறெடுத்தவர் தேவநேசன். நல்ல ஜெபம், பலர் கண் கலங்கினார்கள். தான் அவனைப் பார்த்ததை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது நான்காவதாக, பாஸ்டரின் வண்டி வளைவைத் தாண்டியதும், பக்கத்துச் சீட்டுக்கான பெல்ட் மணி அடிக்கத் தொடங்கியது. டிங். டிங். டிங். ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை. தேவநேசன் நேரே பார்த்தபடி ஓட்டினார். உதடுகள் வேதத்துச் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. சொற்கள் இடம் மாறி விழுந்தன. மேலே நிறுத்தியதும் பாஸ்டர் கதவைத் திறந்தார்.

"என்ன ஐயா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"பாஸ்டர்… போன வருஷம்…"

"சொல்லுங்க."

வரிசையில் நின்ற வண்டிகளிலிருந்து எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மரியாதையான பார்வை. இருபத்தெட்டு வருட மரியாதை.

"ஒண்ணுமில்ல. குளிரு."

இன்னும் ஒரே வண்டி. அது அவர் மகள் ஸ்டெஃபியுடையது; அவரும் அதில்தான் வந்திருந்தார். மாப்பிள்ளை வேலையாக டெக்சஸ் போயிருந்தார். நர்ஸான ஸ்டெஃபிக்கு ஏழு மணிக்கு ஷிஃப்ட். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது ஆஷ்லி நின்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"டாடி, சீக்கிரம். நான் இவளை ஃபிரெடி கார்ல கொஞ்சம் உக்கார வைக்கிறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"எந்தக் கார்லயும் ஏத்தாத. இங்கயே நில்லு."

"டாடி, ஃப்ரீஸ் ஆயிரும் பிள்ளைக்கு. என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் படியிறங்கினார். மேலே நான்கு வண்டியிலும் அவன் இருக்கிறான். ஒரே ஆள்தான், ஆனால் நான்கு தடவை விடப்பட்ட ஆள். இன்னும் சிறிது நேரத்தில் நான்கு வீடுகளுக்கு அவன் போய்ச் சேருவான். ஸ்டெஃபியின் வண்டி மட்டும் சுத்தம். ஆஷ்லி அதில்தான் ஏற வேண்டும். அப்படியே வளைவைத் தாண்டிப் போய்விட்டால் மகளும் பேத்தியும் தப்பிப்பார்கள். மற்ற பிள்ளைகள்?

அந்தக் கேள்வி வந்தபின் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்லர். ஒரு சின்ன உபகாரத்தைத் தள்ளிப்போட்டவர், அவ்வளவுதான்; ஆனால் தள்ளிப்போட்ட உபகாரம் போட்ட இடத்தில் கிடப்பதில்லை.

வளைவில் அவர் வண்டியை நிறுத்தினார்.

சறுக்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பார்த்தார். அப்போதும் சறுக்கவில்லை. வண்டியைப் பிடித்தபடி மெல்ல இறங்கி, பின் கதவைத் திறந்தார். பக்கத்துச் சீட்டின் கதவையும் திறந்து வைத்தார்.

"தம்பி" என்றார். "நான் நிறுத்தியிருக்கணும். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்களை விட்டுருங்க. எங்கூட வாங்க. எங்க வேணாலும் கொண்டுபோய் விடுறேன்."

மரக்கிளைகளில் பனி நெரியும் ஓசை மட்டும். அவர் போய்த் தம் இடத்தில் உட்கார்ந்தார்.

மேலே, பெனிஷின் காரில் உள்விளக்கு எரிந்தது. பின் கதவு திறந்திருந்தது. யாரும் இறங்கவில்லை. பிறகு அக்காவின் வண்டியில் விளக்கு. பிறகு ஃபிரெடியுடையதில். பிறகு பாஸ்டருடையதில். நான்கு கதவுகள், நான்கு மஞ்சள் வெளிச்சம். பெனிஷின் சின்ன மகன் கதவருகே குனிந்து, வெறும் பனியைப் பார்த்துக் கையசைத்தான்.

சரிவில் உறைந்திருந்த பனியின் மேலோடு உடைந்தது. ஒரு அடி. இன்னொரு அடி.

நான்கு வரிசைக் காலடிகள்.

அவசரமில்லாமல் வந்தன. வண்டிக்கு அருகில் நின்றன.

பின்பக்கம் தாழ்ந்தது. மறுபடி தாழ்ந்தது. மறுபடி. கடைசியாக, பக்கத்துச் சீட்டு. கதவுகள் சாத்திக்கொண்டன, அடிக்காமல், பிறர் வண்டியில் ஏறும் விருந்தாளி சாத்துவதுபோல. ஈரக் கம்பளி வாடை. பற்கள், நான்கு வாய்களில். பிறகு அதுவும் அடங்கியது.

ஸ்தோத்திரம் என்றார் தேவநேசன். வந்துவிட்டார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள். இனி ஸ்டெஃபியிடம் சொல்ல வேண்டும், ஃபிரெடியோடு போ என்று. அவ்வளவுதான்.

"தாத்தா! ஆர் யூ ஸ்டக்?"

படிக்கட்டில் ஷூ ஓசை. சின்ன ஷூ.

"ஆஷ்லி, நில்லு" என்று மேலிருந்து ஸ்டெஃபி கூப்பிட்டாள். ஆஷ்லி நிற்கவில்லை. படியிலிருந்து இறங்கி, வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின் கதவுக்கு வந்தாள். கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தாள்.

"ஓ" என்றாள். "இட்ஸ் ஃபுல்."

பயமில்லை. கோபமில்லை. ஸ்கூல் பஸ்ஸில் இடமில்லாத பிள்ளை மாதிரி, கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தேவநேசன் கத்தப் பார்த்தார். வெள்ளையாக மூச்சு மட்டும் வந்தது. கதவைத் திறக்கக் கை போனது. அவருடைய முழங்காலின்மேல், பக்கத்துச் சீட்டிலிருந்து, எதுவோ வந்து அமர்ந்தது. கனமாக. சில்லென்று. துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறவரின் கை மாதிரி.

அசைய முடியவில்லை.

பின்சீட்டின் மெத்தை முனகியது. முதலில் மறுகோடியில். பிறகு நடுவில். பிறகு கதவோரம். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நெருக்கி உட்கார்ந்தார்கள். கதவோரம் கொஞ்சம் இடம் விட்டார்கள், ஆறு வயதுப் பிள்ளைக்குப் போதுமான இடம்.

கதவு உள்ளிருந்து திறந்தது.

"தேங்க் யூ" என்றாள் ஆஷ்லி. ஷூவில் ஒட்டியிருந்த பனியை ஒருமுறை தட்டிவிட்டு, ஒரு காலை உள்ளே வைத்தாள்.