உப்பில்லாத தண்ணீர்

அப்பாவின் போனிலிருந்து வந்த இரைச்சலில் ஒரே ஒரு சொல்தான் முத்துமாரிக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஓட்டை!"

அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் எதுக்கு சார் ஓட்டை போடப் போறேன்? இந்தா வாரேன் சார். வந்து பாக்கேன்."

போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துமாரியின் அப்பா வானமாமலை தாராவியில் தச்சு வேலை செய்பவர். கட்டில், அலமாரி, கடைகளுக்குப் பலகைத் தட்டு என்று எது கேட்டாலும் செய்வார். ஆனால் இந்தக் கோடை விடுமுறையில் கிடைத்தது புதுமாதிரி வேலை. மாட்டுங்காவில் இருக்கும் வேங்கடசுப்ரமணியன் என்பவர் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கியிருந்தார். அதன் வயிற்றுக்குள் ஒரு குட்டி வீடே இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு குழாய். எல்லாம் இருந்தும், நிற்கத்தான் தரை இல்லை. காலை வைத்த இடமெல்லாம் பொதுக் பொதுக்கென்று அமுங்கியது.

அந்த உளுத்த தரையைப் பெயர்த்து, புதிதாகப் போட்டுத் தர வேண்டும். அதுதான் வேலை.

பள்ளிக்கூடம் இல்லாததால் முத்துமாரியும் தினமும் அப்பாவோடு செம்பூரைத் தாண்டி மாஹுல் படகுத்துறைக்குப் போனாள். படகு அப்போது கரையில் முட்டுக் கொடுத்து நின்றது.

முதல் நாளே சிக்கல் வந்தது. பழைய பலகையை அளவாக வைத்துப் புதுப் பலகையை வெட்டலாம் என்று அப்பா நினைத்திருந்தார். ஆனால் அதைத் தூக்கினால் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. டேப் வைத்து அளக்கவும் வழியில்லை. படகுக்குள் எல்லாமே வளைவு.

"இதுல எங்கன ஆரம்பிச்சு எங்கன அளக்க?" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

முத்துமாரிதான் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்தாள். அட்டையை உள்ளே விரித்து, ஓரத்தை நகத்தால் அழுத்தி, வளைவுக்கு வளைவு வெட்டினாள். மொத்தம் பதினான்கு துண்டு. ஒவ்வொன்றிலும் எண் போட்டாள். அந்த அட்டைகளை மரப்பலகை மேல் வைத்துத்தான் அப்பா அறுத்தார். ஓரங்களில் தண்ணீர் ஏறாமல் பசை பூசினார். நான்கு தடவை வார்னிஷ் அடித்தார். கடைசியில் எல்லாவற்றையும் கீழே இருந்த கட்டைகளில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். தரை தேன் நிறத்தில் மின்னியது.

போன வாரம்தான் கிரேன் ஓட்டும் சைஃப் பாய் படகைத் தூக்கித் தண்ணீரில் இறக்கினார். இப்போது இந்தப் போன்.

*

படகுத்துறையில் வேங்கடசுப்ரமணியன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். சைஃப் பாயும் நின்றார். நாணு என்ற மலையாள மேஸ்திரி, கையில் பெரிய கடப்பாரையோடு நின்றார். கொஞ்சம் தள்ளி, வேங்கடசுப்ரமணியனின் மகன் ஷ்ரவண். முத்துமாரியின் வயதுதான் இருக்கும். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ளே போய்ப் பாரு!" என்று கத்தினார் வேங்கடசுப்ரமணியன். "ஒரே ஜலம்! ஸ்க்ரூ போடறேன்னு படகோட அடியிலயே ஓட்டை போட்டிருக்கே. கடல் தண்ணி உள்ள வந்துண்டிருக்கு."

"ஒரு இஞ்சு ஸ்க்ரூதான் சார்," என்றார் அப்பா. "அதுக்குக் கீழ நாலு விரக்கட எடம் கெடக்கு. அது எப்படி சார் அடி வரைக்கும் போகும்?"

"பேசாதே! தாராவி ஆளு வேண்டாம், வேண்டாம்னு எல்லாரும் சொன்னா. நான்தான் கேக்கலை."

அப்பாவின் காது இரண்டும் சிவந்தன. நாணு மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சைஃப் பாய் இருமினார்.

"மத்தியானம் நாணு தரை முழுக்கப் பேர்த்துப் பார்க்கட்டும். ஓட்டை தெரிஞ்சதும் படகைக் கரையேத்தணும்," என்று சொல்லிவிட்டு வேங்கடசுப்ரமணியன் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

தரை முழுக்கவா? பதினான்கு பலகையுமா? முத்துமாரி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்பா, நீங்க ஓட்டை போட்டீங்களா?"

"இல்லட்டி."

"பெறகு ஏன் சொல்லலை?"

"சொன்னேன்லா. கேக்குதவங்களுக்குத்தான சொல்ல முடியும்."

அப்பா ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி வெறுங்கையோடு உட்கார்ந்து முத்துமாரி பார்த்ததே இல்லை.

*

அவள் மட்டும் படகுக்குள் இறங்கினாள்.

தரை நன்றாகத்தான் இருந்தது. அடுப்பை ஒட்டிய இரண்டு பலகைகள் மட்டும் கறுத்து ஊதியிருந்தன. பலகைகளுக்கு நடுவே, அடியில் தண்ணீர் தேங்கினால் பார்க்க, விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதன் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே தண்ணீர் தளும்பியது.

கடல் தண்ணீர் என்றார் வேங்கடசுப்ரமணியன்.

முத்துமாரி தன் கறுப்புச் செருப்பைப் பார்த்தாள். கரையில் அலை தெறித்த நாளிலெல்லாம் அதன் மேல் வெள்ளையாகப் பூத்துப் போகும். அம்மா தினமும் திட்டித் திட்டித் துடைப்பாள். உப்பு.

ஒரு துணியை ஓட்டைக்குள் விட்டு நனைத்தாள். மேலே வந்து, அப்பாவின் கறுப்பு இரும்புப் பெட்டியின் மூடியில் ஒரு ஓரமாகப் பிழிந்தாள். இன்னொரு துணியைக் கடலில் நனைத்து வந்து மறு ஓரத்தில் பிழிந்தாள். மே மாத வெயில் சுள்ளென்று அடித்தது.

"என்னட்டி பண்ணுத?" என்றார் அப்பா.

"கொஞ்சம் பொறுங்க."

தண்ணீர் காய்ந்தது. ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று பூத்தது. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. துளி அழுக்கு மட்டும்.

"எப்பா! இது கடல் தண்ணி இல்ல! உப்பே இல்ல!"

அப்பா எழுந்தே விட்டார்.

கடல் தண்ணீர் இல்லையென்றால் படகில் வேறு எங்கே தண்ணீர் இருக்கிறது? முத்துமாரி மறுபடி உள்ளே ஓடினாள். அடுப்புப் பக்கத்தில் குழாய். குழாய்க்குத் தண்ணீர் வர ஒரு தொட்டி இருக்க வேண்டுமே? பெஞ்சுப் பலகையைத் தூக்கினாள். அடியில் பிளாஸ்டிக் தொட்டி. பாதிக்கு மேல் காலி. அதிலிருந்து போகும் ரப்பர் பைப்பு, இறுக்கும் வளையம் தளர்ந்து, நுனியில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

"சொல்லாதே," என்று ஒரு குரல் கேட்டது.

படிக்கட்டில் ஷ்ரவண். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ப்ளீஸ். குழாய்ல தண்ணி வரலை. நான்தான் அந்தப் பைப்பைக் கழட்டி ஊதிப் பார்த்தேன். திரும்ப மாட்டினேன், ஆனா சரியா டைட் பண்ணலை போல. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

முத்துமாரிக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது.

"எங்க அப்பாவ அத்தன பேர் முன்னால ஏசும்போது நீ அங்கனதான நின்ன?"

ஷ்ரவண் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் உன் பேரைச் சொல்ல மாட்டேன்," என்றாள் முத்துமாரி. "நீயே சொல்லு. வேணும்னா நான் பக்கத்துல நிக்கேன்."

*

வேங்கடசுப்ரமணியன் பெட்டி மூடியைப் பார்த்தார். வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு படகுக்குள் குனிந்து பைப்பையும் பார்த்தார். அப்பா பின்னாலேயே இறங்கி நின்றார்.

"ஓஹோ. அப்போ இது டேங்க் ஜலமா?" என்றார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "சரி. இதை யார் கழட்டினா? தரை போடறச்சே இடைஞ்சலா இருக்குன்னு நீதானே கழட்டியிருப்பே?"

இல்லையென்று அப்பா தலையை ஆட்டினார்.

ஒரு பெயர் முத்துமாரியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் போதும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று சொல்லியாயிற்று. அவள் நகர்ந்து போய், படிக்கட்டு அருகே, ஷ்ரவணின் பக்கத்தில் நின்றாள். அவ்வளவுதான் செய்தாள்.

படகு ஒரு தடவை ஆடி நின்றது.

"நான்தாம்ப்பா," என்றான் ஷ்ரவண், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வேங்கடசுப்ரமணியன் திரும்பினார். இப்போது கத்தப் போகிறார் என்று முத்துமாரி நினைத்தாள். அவரோ மகனின் தோளில் கை போட்டார்.

"பரவால்லைடா. உண்மையைச் சொன்னியே, அது போதும். குழந்தை தெரியாம பண்ணினது. இதுக்கெல்லாம் யாராவது அழுவாளா?" அப்பா பக்கம் பாதி திரும்பி, "வானமாமலை, அந்த ரெண்டு பலகையை மட்டும் மாத்திடு," என்றார்.

அவ்வளவுதானா? முத்துமாரி காத்திருந்தாள். அவ்வளவுதான்.

"சார்," என்றாள். "காலைல எங்க அப்பாவ எல்லார் முன்னாலயும் வச்சுச் சொன்னீங்க. இதையும் எல்லார் முன்னாலயும் சொல்லணும்லா?"

"முத்து, போதும்," என்றார் அப்பா மெதுவாக.

வேங்கடசுப்ரமணியனின் முகம் சுருங்கியது. "இத்தனூண்டு இருந்துண்டு பேச்சைப் பாரேன்," என்றார். அதோடு போன் அடித்தது. பேசிக்கொண்டே மேலேறிப் போய்விட்டார். நாணு மேஸ்திரியிடம், "வேண்டாம், போகலாம்," என்று கையை மட்டும் ஆட்டினார். ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வாயில் வேப்பிலையை மென்ற மாதிரி இருந்தது முத்துமாரிக்கு.

அப்போது ஷ்ரவண் படியேறினான். நேராகச் சைஃப் பாயும் நாணு மேஸ்திரியும் நின்ற இடத்துக்குப் போனான்.

"சைஃப் பாய், ஓட்டை எதுவும் இல்லை. தண்ணீர் கசிந்தது என் தப்பு. அவர் போட்ட தரை சரியான தரை," என்று இந்தியில் சத்தமாகச் சொன்னான். அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். போனில் பேசிக்கொண்டிருந்த அவன் அப்பாவும் திரும்பிப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டார்.

நாணு மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் படகுக்குள் இறங்கினார். பலகைகள் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல பணி சேட்டா," என்றார் அப்பாவிடம். "இந்த வளைவெல்லாம் எப்படி எடுத்தது?"

"நான் எடுக்கல," என்றார் அப்பா. "இந்தா நிக்காள்ல, அவதான்."

*

பலகை இரண்டையும் மாற்றிப் பூசி முடிக்க மூன்று நாள் ஆனது. கடைசி நாளில் விருந்தாளிகள் வந்தார்கள். பாய் விரிந்தது. படகு கழிமுகத்தைத் தாண்டிப் போயிற்று. நீங்களும் ஏறுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஷ்ரவண் மட்டும் பின்பக்கம் நின்று கையசைத்தான். முத்துமாரியும் அசைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கேட்டார். "அந்தப் பயதான்னு ஒனக்கு முன்னாடியே தெரியும்லா? பெறகு ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, அப்பனுக்காகப் பேசுதாம்பாங்க. அவனே சொன்னாத்தான நம்புவாங்க? பாவம், பயந்தும் கெடந்தான்."

அப்பா அவள் தலையில் லேசாகத் தட்டினார்.

"எப்பா, அந்த சார் கடைசி வரைக்கும் ஸாரி சொல்லலையே. ஒங்களுக்குக் கோவம் வரலையா?"

"வருது." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். "வந்துக்கிட்டேதான் இருக்கு."

"எனக்கும்தான்."

செம்பூரில் இறங்கி, அடுத்த பஸ் வரும்வரை, இருவரும் அந்தக் கோபத்தோடேயே ஆளுக்கொரு வடாபாவ் வாங்கித் தின்றார்கள். காரம் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. முத்துமாரி இன்னொன்று கேட்டாள்.