மீதித் துணி

குளித்துத் துவட்டிய பிறகும் இடுப்பில் அந்த நீலக் கோடு அப்படியேதான் இருந்தது.

துணியில் குறி போடும் சாக்பீஸ் கோடு. நேற்று தையல்காரி அவளை நிற்கவைத்து டேப் பிடித்தபோது, உடுத்தியிருந்த உடைமேல் இழுத்தது. துணிமேல் இழுத்த கோடு தோலுக்கு எப்படி வந்தது? சோப்புப் போட்டாள். நாரால் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர கோடு மங்கவில்லை. அக்குளுக்குக் கீழே இன்னொன்று. தாடைக்கடியில், காதிலிருந்து காதுவரை, மற்றொன்று. அங்கே தையல்காரி கைகூட வைக்கவில்லை.

இருபது வருடமாக ஓர் அலுவலகத்தின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களைச் சிரித்து வரவேற்கிறவள் அவள். வயது நாற்பத்தெட்டு. போன வாரம் புது மேலாளர் அந்த மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இங்க கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா ஒரு முகம் இருந்தா நல்லாருக்கும், என்ன?" என்றார்.

"நம்ம அக்காவுக்கு என்ன சார், தூசி தட்டி வெச்சா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாவம், வேறென்ன செய்வாள் சொல்லுங்கள். முன்மேசையா, பின்கட்டில் பழைய கோப்புகளோடு ஒரு நாற்காலியா என்று நாளைக்குத் தெரிந்துவிடும்.

அதற்காகத்தான் நேற்று புதுத் துணியையும், பெட்டியின் அடியில் கிடந்த, இருபத்தைந்து வயதில் போட்ட கவுனையும் எடுத்துக்கொண்டு தையல்காரியிடம் போனாள். டேப் பிடித்து முடித்ததும் தையல்காரி வழக்கம்போல அளவு உடுப்புக் கேட்டாள். இவள் பழைய கவுனை நீட்டினாள்.

விரித்துப் பார்த்தவள், "மகளோடதா மேடம்?" என்றாள்.

சுருக்கென்றது. "என்னோடதுதான். இப்பப் போடறதுதான். இந்த அளவுக்கு மேல ஒரு நூல் கூடக் கூடாது."

"டேப் வேற சொல்லுதே..."

"உன் டேப்பைத் தூக்கிக் குப்பையில போடு. கூடுதலா எங்க இருந்தாலும் உள்ள மடிச்சுப் பிடிச்சுடு. அப்புறம், மீதித் துணியை ஒழுங்காத் திருப்பிக் குடுக்கணும். உங்க புத்தி தெரியாதா எனக்கு."

தையல்காரி சிரிக்கவில்லை. "நீங்க சொல்றதுதான் அளவு மேடம். பிறகு பிரிக்கச் சொல்லக் கூடாது."

இன்று மதியம் கடையில் வேறு யாருமில்லை. மெஷின் எண்ணெயும் இஸ்திரிச் சூட்டில் பொசுங்கிய நூலும் கலந்த வாடை, உடை மாற்றும் மூலையின் கனத்த திரைக்குள்ளே அவளோடு சேர்ந்து நுழைந்தது. ஆளுயரக் கண்ணாடியின் மேல் ஒற்றைக் குழல்விளக்கு சிமிட்டிச் சிமிட்டி, அவள் கழுத்தின் ஒவ்வொரு மடிப்பையும் காட்டிக் கொடுத்தது. புது உடையை மாட்டினாள். ஜிப் பாதியில் நின்றது.

"ஏறலையே! என்ன தைச்சிருக்கே நீ?"

திரைக்கு அப்பாலிருந்து நிதானமாகக் குரல் வந்தது. "இன்னும் பிடிக்கலையே மேடம். அசையாம நில்லுங்க."

"உடுப்பு என் மேல இருக்கு. நீ எதைப் பிடிக்கப் போறே?"

மெஷின் ஓடத் தொடங்கியது.

முதல் குத்து இடுப்பில். நீலக் கோட்டின் மேல். அடுத்தது அதற்குப் பக்கத்தில், மயிரிழை தள்ளி. வெளியே ஊசி இறங்கும்போதெல்லாம் உள்ளே அவள் துடித்தாள். இரத்தம் இல்லை. இழுப்பு மட்டும். சதை மடிந்தது. உள்ளே போனது. ஜிப் தானாக ஏறியது.

அக்குள். முதுகு.

கொஞ்சம் நிதானித்து, தாடை.

கண்ணாடியில் கழுத்து வழுவழுவென்று நின்றது. இடுப்பு ஒரு பிடி. இருபத்தைந்து வயது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வலியிலும் ஒரு நொடி அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு கத்தரி.

கர்ரக். கர்ரக்.

"பிசிறு வெட்டிட்டா முடிஞ்சுது மேடம்."

பிரி என்று கத்தப் பார்த்தாள். பிரிச்சுடு. வாய் திறக்கவில்லை. திறக்கிற அளவுக்குத் தோல் மிச்சமில்லை. கண்ணாடியில் உதடுகள் இரு பக்கமும் இழுபட்டு, முன்மேசையில் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தன.

திரையின் ஓரத்தில் ஒரு கை நுழைந்தது. கையில் காகிதப் பொட்டலம்.

"மீதி. ஒரு துண்டுகூட நான் எடுத்துக்கலை. பார்த்துக்கோங்க."

பொட்டலம் வெதுவெதுப்பாக இருந்தது. பிரித்தாள். நாலாய் மடித்து, ஓரம் அடித்து, நேர்த்தியாக வைத்திருந்தாள் தையல்காரி. மேல் மடிப்பில், மகளைச் சுமந்த வயிற்றின் வெள்ளை வரிகள். அதற்கடியில், கைக்குழந்தையாய் இருந்தபோது மகள் விரலால் பற்றிக்கொண்டே தூங்கும் தாடை மச்சம்.

விரலால் அதைத் தொட்டாள்.

அந்தத் துண்டு புல்லரித்தது.