அடிக்குறிப்பு இல்லாத வரி

நீக்கிய வரி திரும்பவும் அதே இடத்தில் இருந்தது. சிவசங்கர் கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப்பை அருகே இழுத்தான். காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் தன் கையால் அழித்த வரி: ‘பனிப்புயலில் காவல் முடித்துத் திரும்பிய ஆறு சிப்பாய்களுக்கு அதிகாரி வனமாமலை பதுங்கறையின் (பங்கர்) கதவைத் திறக்கவில்லை, விடியும்வரை அவர்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள்.’ பக்கத்தின் திருத்த வரலாற்றில், யாரும் அதைத் திரும்பச் சேர்த்ததாகப் பதிவே இல்லை.

பிரிகேடியர் வனமாமலை செத்துப் பல வருடமாகிறது. அவர் மகன்தான் சிவசங்கர் வேலை பார்க்கும் கம்பெனியின் டைரக்டர். சிவசங்கர் ஓய்வு நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவன் என்பது எப்படியோ ஹெச்.ஆர். மதிவதனிக்குத் தெரிந்துபோனது. சாருடைய அப்பா பக்கத்தைக் கொஞ்சம் மேம்படுத்திக் கொடுத்தால் பர்மனென்ட் லிஸ்டில் அவன் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றாள். இன்று நான்கு மணிக்கு சார் பக்கத்தைப் பார்ப்பார். ஆறு வருடமாக கான்ட்ராக்டில் இழுபடுகிறவனிடம் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அந்த வரிக்குச் சான்று இருந்தது. பதுங்கறைக்குள் இருந்த வயர்லெஸ் சிப்பாய் ஒருவர் பழைய பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டி. முந்தாநாள் சிவசங்கர் அந்த அடிக்குறிப்பை மட்டும் எடுத்தான். நேற்று ‘சான்று தேவை’ என்று குறியிட்டான். இன்று, சான்றில்லை என்று காரணம் காட்டி வரியையே தூக்கினான். விதிப்படி எல்லாம் சுத்தம். தன்னை நினைத்து அவனுக்கே அருவருப்பாகத்தான் இருந்தது.

மறுபடி நீக்கினான்.

மே மாத மதியம். இருங்காட்டுக்கோட்டை லைன் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூடேறிப் படபடவென்று வெடித்தது, பெங்களூர் ரோட்டில் லாரிகள் ஓயாமல் உறுமின, பக்கத்து அறையிலிருந்து கருவாடு வறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்குள் மெல்ல இன்னொன்று கலந்தது. நனைந்த கம்பளி. மண்ணெண்ணெய். பாதத்தின் கீழே சிமெண்ட் தரை சில்லிட்டது.

கதவை யாரோ தட்டினார்கள்.

எழுந்து திறந்தான். வெயில்தான் நின்றது. மூடித் தாழ்ப்பாள் போட்டதும் மறுபடி தட்டினார்கள், இம்முறை பல கைகள், அவசரமில்லாமல். திரையில் வரி வந்திருந்தது, கூடவே புதிதாக ஒன்றும்: ‘முதலில் பெயர் சொல்லித் தட்டினார்கள். பிறகு பெயர் சொல்லவில்லை.’

பழைய அடிக்குறிப்பைத் தேடி எடுத்து வரியோடு ஒட்டினான். தட்டல் நின்றது. கூரையின் சூடு சட்டென்று தலையில் இறங்கியது. அவ்வளவுதான், இப்படியே விட்டுவிட்டால் போதும்.

மூன்றே முக்கால். பக்கம் தயாரா என்று மதிவதனி மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

இரண்டு வரிகளையும் அடிக்குறிப்பையும் சேர்த்தே அழித்தான். கால் மணி நேரம்தானே, தட்டினால் தட்டட்டும்.

தட்டினார்கள். திரையில் இம்முறை வரி திரும்பவில்லை. வாயைத் திறந்தால் மூச்சு புகையாக வந்தது. தட்டல்களுக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. அறைத்தோழன் லோகேஷின் குரல். பர்ஸ்ட் ஷிப்ட் முடித்து அவன் வரும் நேரம்தான்.

“டேய் சிவா, நான்தான்டா. கதவத் தொற.”

சிவசங்கர் எழுந்து போய்த் தாழ்ப்பாள்மேல் கை வைத்தவன் அப்படியே நின்றான். பெயர் சொல்லித்தான் தட்டுவார்கள். அதுதான் எழுதியிருந்ததே.

“இன்னாடா பண்ணிக்கினு கீற உள்ள? குளுருதுடா.”

மே மாதத்தில் குளிருமா? லோகேஷ் இல்லை. இருக்க முடியாது. தாழ்ப்பாள்மேல் வைத்த கையை எடுத்தான். போர்வையை இழுத்துக் காதைப் பொத்திக்கொண்டான்.

“சிவா...”

பிறகு பெயர் இல்லை. தட்டல் மட்டும். மெதுவாக. இன்னும் மெதுவாக.

நான்கு ஐந்துக்கு போன் ஒளிர்ந்தது. சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வாழ்த்துகள் என்று மதிவதனி எழுதியிருந்தாள். வெளியே சத்தமில்லை. கருவாட்டு வாசனை திரும்பியிருந்தது. கதவைத் திறந்தான்.

கொளுத்தும் வெயிலில் லோகேஷ் வாசற்படியில் முட்டிபோட்டிருந்தான். கம்பெனி யூனிபார்ம் விறைத்திருந்தது. புருவத்திலும் திறந்த கண்களிலும் வெள்ளையாக உறைபனி. தோல் உரிந்த விரல் முட்டிகள், தட்டுவதற்கு ஓங்கியபடியே நின்றிருந்தன.